வெட்டி வேலை

பகலெல்லாம் காட் மீன் வெட்டுகிறேன்.
அதற்குப் பெயர் வேலை.
இரவில் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு
இல்லாத குதிரைமேல் ஏறினால்
வெட்டி வேலை என்கிறான் ஸ்டெய்ன்தோர்.

கோபமில்லாமல்தான் சொல்கிறான்.
பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன்.
நனைந்த கையுறையை ஹீட்டர்மேல் காயப்போட்டபடி
"அதில் உனக்கு என்னதான் கிடைக்கிறது?"
என்று கேட்கிறான்,
கிலோ என்ன விலை என்பதுபோல.

என்னவென்று சொல்ல.
எங்கள் ஈசாஃப்யோர்துரில்
நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன்
ஜனவரி கடைசியில்தான் தலைகாட்டும்.
அன்றைக்குப் பான்கேக் சுட்டு, காபி போட்டு
ஊரே கொண்டாடும்.
இதில் நாற்பது நிமிடத்துக்கு ஒரு விடியல்,
பான்கேக் கூட வேண்டாம் என்றேன்.
"விளக்கைப் போட்டாலும் வெளிச்சம் வரும்" என்றான்.

சரி, வேறு மாதிரி.
பாலத்தடியில் ஓர் அரக்கன் இருக்கிறான்.
மூன்று கை, ஒன்றில் நங்கூரம்.
அவனிடம் நாற்பத்தோரு முறை செத்திருக்கிறேன்.
செத்துச் செத்துப் பிழைக்கிறேன் என்று
மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள்,
நான் எண்ணி வைத்திருக்கிறேன்.
முதல் பத்துச் சாவில் ஒன்றும் புரியவில்லை.
பதினோராவதில்,
நங்கூரத்தை ஓங்குமுன் அவன் இடது தோள்
லேசாகக் குலுங்குவதைக் கண்டேன்.
முப்பதாவதில் என் கட்டைவிரல்
எனக்கு முன்பே அதைக் கண்டது.
தொழிற்சாலையில் கத்தி ஒருமுறை வழுக்கியதற்கு
சூப்பர்வைசர் ஸ்வான்ஹில்துர் எழுதிய கடிதம்
இன்னும் என் கோப்பில் இருக்கிறது.
அரக்கன் கடிதம் எழுதுவதில்லை.
கொல்கிறான்.
கொன்றுவிட்டு, மறுபடியும்? என்று கேட்கிறான்.
என்னை அப்படிக் கேட்டவர்கள் குறைவு.

ஸ்டெய்ன்தோர் கொஞ்ச நேரம் யோசித்தான்.
"நான் தள்ளுகிற பனியும்
விடிவதற்குள் மறுபடி விழுந்துவிடுகிறது.
ஆனால் நடுவில் பால் வண்டி போய்விடும்" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
என் பாலத்தில் யாருக்கும் பால் போவதில்லை.

ஏரிக்கரையில் ஒரு பெஞ்சு இருப்பதை
அவனிடம் சொல்லவில்லை.
பட்டனை அழுத்தினால் உட்காரலாம்.
உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது.
புதையல் இல்லை, எதிரி இல்லை,
நாணல் மட்டும் அசையும்.
ஒன்றும் நடக்காத அந்த இடத்தை
யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறார்கள்.
ஷிப்ட் முடிந்த சில நாட்களில்
நான் போவது அங்கேதான்.

மீன் சூப் பொங்கும் சத்தம் கேட்டு
கன்ட்ரோலரை அவன் மடியில் போட்டுவிட்டு ஓடினேன்.
"எதையும் தொடாதே."

தொட்டான்.
குதிரையைச் சுவரில் மோதினான்.
கிணற்றை நாலு சுற்றுச் சுற்றினான்.
கீழே பார்ப்பது எப்படி என்று தெரியாமல்
வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.
மழை பிடித்துக்கொண்டது.

தட்டோடு நான் வந்தபோது
சோபா நுனியில் உட்கார்ந்து,
நாக்கைக் கடித்துக்கொண்டு,
தன் உடம்பையே இடப்பக்கம் சாய்த்து
குதிரையை ஒரு கொட்டகைக்குள்
திணித்துக்கொண்டிருந்தான்.

"அது நனையாது, வெறும் படம்."
"முதுகு பளபளவென்று இருக்கிறதே."
"சளி பிடிக்காது. உயிர் குறையாது.
உள்ளே விட்டால் புள்ளியும் கிடையாது."
"இரு" என்றான்,
"பின்னங்கால் ஒன்று இன்னும் வெளியே இருக்கிறது."

சூப் ஆறியது.
இரண்டு மணிக்கு அவன் லாரி எடுக்க வேண்டும்.
என்ன கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்கும் வெட்டி வேலை என்றுதான் சொன்னான்.
சொல்லிவிட்டு வாசலில் குனிந்து
பூட்ஸ் நாடாவைக் கட்டினான்.
இறுக்கமாகத்தான் இருந்தது,
அவிழ்த்து மறுபடி கட்டினான்.
தரையைப் பார்த்தபடியே கேட்டான்:
"அந்தக் கொட்டகைக்குக்
கதவு இருந்ததா?"